டீச்சர், ஒரு நிமிஷம்!
பள்ளி ஊழியர்களுக்கு மனநலப் பயிற்சி: வாசகர் கேள்வி பதில்

பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்தைக் கவனிக்க ஆசிரியர்களையும் மற்ற ஊழியர்களையும் எப்படித் தயார் செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த மாதம் பதில் சொல்கிறேன். பிள்ளைகளை அடையாளம் காட்டிவிடக்கூடாது என்பதால் எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, மாவட்டத்தை மட்டும் போட்டிருக்கிறோம். நான் மனநல சமூகப் பணியாளர். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது தென் மாவட்டப் பள்ளிகளில் இந்தப் பயிற்சிகளை நடத்துகிறேன்.

கேள்வி: எங்களுடையது அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி. ஊழியர் எல்லோருக்கும் வருஷத்துக்கு இரண்டு முறை மனநலப் பயிற்சி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். போன வருஷம் ஒரு டாக்டரை வரவழைத்து ஒருநாள் நடத்தினோம். நன்றாகத்தான் பேசினார். மறுநாளே எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. இந்த முறை எப்படி நடத்துவது?
- தலைமை ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது சரிதான், டீச்சர். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவி 2023-ல் இறந்துபோனார். அந்த வழக்கில் 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதுக்கும் 15 வழிகாட்டு நெறிமுறைகளைக் கொடுத்தது. சட்டம் ஒன்று வரும்வரை அவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் இருக்கும் நிறுவனத்தில் தகுதியுள்ள ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். ஊழியர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி வேண்டும். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது: மனநல முதலுதவி, எச்சரிக்கை அறிகுறிகளைக் கண்டுகொள்வது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையிடம் நடந்துகொள்ளும் முறை, யாரிடம் அனுப்புவது என்ற விவரம்.

கற்பிக்கும் ஊழியர், கற்பிக்காத ஊழியர் இருவருக்கும் என்று தீர்ப்பில் இருப்பதைத்தான் நான் போகிற பள்ளியில் எல்லாம் முதலில் சொல்வேன். உங்கள் கிளார்க், லேப் அசிஸ்டென்ட், ஆயா, வாட்ச்மேன், சத்துணவு அமைப்பாளர், வேன் டிரைவர் எல்லோரும் அதில் அடக்கம். மனசுக்குள் ஏதோ அரிக்கும் பிள்ளை, பயிற்சி முடித்த ஆசிரியர் யார் என்று தேடிப்போய்ச் சொல்வதில்லை. அந்த நேரத்தில் கண்ணில் படுகிற, பயமில்லாமல் பேசக்கூடிய பெரியவரிடம்தான் வாய் திறக்கும். அது யாராகவும் இருக்கலாம் என்பதால் எல்லோருமே தயாராக இருக்க வேண்டியிருக்கிறது.

போன வருஷம் வந்த டாக்டர் மனச்சோர்வு என்றால் என்ன, பதற்ற நோய் என்றால் என்ன என்று படம் போட்டு விளக்கியிருப்பார். நல்ல விஷயம்தான், ஆனால் உங்கள் ஆசிரியர்கள் அன்றைக்கு முழுக்க உட்கார்ந்து கேட்டிருப்பார்களே தவிர, ஒரு வாக்கியம்கூடப் பேசிப் பழகியிருக்க மாட்டார்கள். அவர்கள் யாரும் நோயைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு மூன்று வேலைகளைத்தான் சொல்கிறது: பார்ப்பது, கேட்பது, சரியான ஆளோடு இணைத்துவிடுவது. அவ்வளவுதான் ஒரு பள்ளி ஊழியரிடம் நாம் எதிர்பார்ப்பது. இந்த மூன்றும் பேசிப் பழகினால்தான் வரும்.

என் பயிற்சியில் மூன்று மூன்று பேராக உட்கார வைப்பேன். ஒருவர் மாணவர், ஒருவர் ஆசிரியர், ஒருவர் பார்வையாளர். மாணவராக இருப்பவரிடம் ஒரு துண்டுச்சீட்டு கொடுப்பேன்: "பத்தாம் வகுப்பு. அப்பா ஊரில் இல்லை. ராத்திரி தூக்கமே இல்லை. படித்து என்ன ஆகப்போகுது என்று தோன்றுகிறது." அவர் அதைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். அடுத்த நொடியே எதிரில் இருப்பவரின் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் இதுதான்: "ஒழுங்கா படி, எல்லாம் சரியாயிடும்", "உன் வயசுல நாங்க படாத கஷ்டமா?", "உனக்கு என்னம்மா குறை?" சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் மாணவராக நடிப்பவரின் முகம் சட்டென்று மூடிக்கொள்வதைப் பார்வையாளர் கவனித்துவிடுவார். அதை அவரே சொல்லட்டும், நான் சொல்ல மாட்டேன். அப்புறம் அதே காட்சியை மறுபடி செய்வோம். இந்த முறை முதல் இரண்டு நிமிஷம் அறிவுரை கூடாது, கேள்வியும் கேட்டதைத் திருப்பிச் சொல்வதும் மட்டும்தான். "தூக்கம் வரலைன்னு சொன்னே, எத்தனை நாளா அப்படி இருக்கு?" "ராத்திரி முழிச்சிருக்கும்போது என்ன நெனப்பு வருது?" முப்பது வருஷ அனுபவமுள்ள ஆசிரியருக்குக்கூட இந்த இரண்டு நிமிஷம் சிரமமாக இருக்கும். பயிற்சியில் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். ஆட்களை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். உங்கள் வாட்ச்மேன் ஆசிரியராகவும் நீங்கள் மாணவியாகவும் ஒருமுறை உட்காருங்கள்.

மீதி நேரத்தில் பள்ளியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச இடம் எங்கே இருக்கிறது? மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்குக் கேட்கக்கூடாது. கதவு சாத்திய அறை வேண்டவே வேண்டாம். சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்து மரத்தடி, வராந்தா கோடியில் ஒரு பெஞ்ச் போதும். ஸ்டாஃப் ரூம் ஆகாது.

கடைசியாக ஒரு தாள். உங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவு எந்தெந்தக் கிழமை, மாவட்ட மனநலத் திட்டக் குழுவின் போன் நம்பர் என்ன, பள்ளியில் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் லீவு என்றால் அடுத்தவர் யார் என்பதையெல்லாம் விசாரித்து எழுதுங்கள். அதோடு 14416. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. 2022 அக்டோபரில் தொடங்கியது, நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. குழந்தைகள் உதவிக்கு 1098. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் ஹெச்.எம். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தால் மட்டும் போதாது. சமையல் கூடத்துச் சுவரிலும் இருக்க வேண்டும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இந்த வெயிலிலும் முழுக்கை ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. போர்டில் கணக்குப் போடும்போது கை விலகியதில் கோடு கோடாகத் தழும்புகளைப் பார்த்தேன். கேட்கலாமா? 'செத்துப்போகணும்னு தோணுதா' என்று நானே கேட்டு, இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று சக ஆசிரியர்கள் வேறு சொல்கிறார்கள்.
- கணித ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கேளுங்கள், சார். தற்கொலை எண்ணம் பற்றி நேராகவும் நிதானமாகவும் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. இதை ஆராய்ந்தவர்கள் கண்டது அதுதான். பல பிள்ளைகளுக்கு, ஒருவர் கேட்டுவிட்டாரே என்பதே பெரிய ஆறுதல்.

உங்களுக்கு இன்னொரு தயக்கமும் இருக்கும், அது நியாயமானது. அவள் பெண் பிள்ளை, நீங்கள் ஆண் ஆசிரியர். ஒரு ஆசிரியையையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியையாக இருக்கட்டும். அவள் உங்களிடம்தான் பேசுவாள் என்றால் நீங்களே பேசுங்கள், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில். வகுப்பில் வைத்து ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லாதீர்கள். தனியாகப் பேசும்போதும் "கையைக் காட்டு" என்று கேட்காதீர்கள். "கொஞ்ச நாளா நீ ரொம்ப அமைதியா இருக்கே. கையில தழும்பு மாதிரி பார்த்தேன். திட்டறதுக்காகக் கேக்கல, கவலையா இருக்கு" என்று ஆரம்பியுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அந்த மௌனம் உங்களுக்கு ரொம்ப நீளமாகத் தெரியும். இருக்கட்டும்.

அவள் பேசத் தொடங்கினால், "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று கேட்காதீர்கள். அந்த 'ஏன்' பிள்ளையின் காதில் குற்றச்சாட்டாகவே விழும். "அப்போ மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேட்கலாம். காயப்படுத்திக்கொள்ளும் எல்லாப் பிள்ளைகளும் சாக நினைப்பவர்கள் இல்லை. தாங்க முடியாத வேதனையைச் சமாளிக்கும் வழியாகச் சிலர் அதைச் செய்கிறார்கள். ஆனால் எது எது என்று நீங்கள் ஊகிக்க வேண்டாம், கேட்டுவிடுங்கள்: "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணியிருக்கா?" ஆமாம் என்றால், "இப்பவும் தோணுதா? எப்படி, எப்போன்னு யோசிச்சு வச்சிருக்கியா?" அதற்கும் ஆமாம் என்றால் அவளை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது. பாத்ரூமுக்குக்கூட ஒருவர் கூடப் போக வேண்டும். ஹெச்.எம்.முக்குச் சொல்லி, பெற்றோரை வரவழைத்து, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். 14416-ஐக் கூப்பிட்டால் அடுத்து என்ன செய்வது என்று வழிகாட்டுவார்கள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்" என்று அவள் கெஞ்சுவாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "கிளாஸ்ல யாருக்கும் தெரியாது, ஸ்டாஃப் ரூம்லயும் பேச மாட்டேன். ஆனா உன்னைப் பத்திரமா பார்த்துக்க வேண்டிய ஒண்ணு ரெண்டு பேருக்குச் சொல்லியே ஆகணும். யார்கிட்ட முதல்ல சொல்லலாம்னு நீயே சொல்லு" என்று கேளுங்கள். வீட்டுக்குச் சொல்வது பற்றியும் அவளோடு பேசி முடிவெடுங்கள். வீட்டில் யாராவது அவளைத் துன்புறுத்துவதுதான் காரணம் என்றால், அவர்களிடமே தகவலைக் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடாது. அப்போது 1098.

போலீஸ் கேஸ் பயத்துக்கு வருகிறேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115-ஐ உங்கள் சக ஆசிரியர்களிடம் காட்டுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அதற்காகத் தண்டிக்கக்கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது அது. உங்கள் மாணவி தன்னைக் காயப்படுத்திக்கொண்டது குற்றமே இல்லை, மறைக்கவும் தேவையில்லை.

இதை நாளைக்கே செய்யுங்கள், சார். அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: நான் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கிறேன். என் மகள் இதை எழுதிக் கொடுக்கிறாள். சின்னப் பிள்ளைகள் என்னிடம் நிறையச் சொல்லும். போன மாதம் ஒரு பிள்ளை, வீட்டுக்கு வரும் மாமா ஒருவரைப் பற்றித் தப்பாகச் சொன்னது. டீச்சரிடம் சொன்னேன். 'உனக்கெதுக்கு இந்த வேலை' என்று திட்டிவிட்டார். நான் என்ன செய்ய?
- திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அக்கா, நீங்கள் செய்தது ரொம்பச் சரி. இன்னும் ஒரு படி மேலே போக வேண்டியிருக்கிறது, அதை இன்றைக்கே செய்யுங்கள்.

2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது, நடக்கலாம் என்று தெரிந்த யாராக இருந்தாலும் தகவல் கொடுக்க வேண்டும் என்கிறது. டீச்சர்தான் சொல்லணும், ஹெச்.எம்.தான் சொல்லணும் என்று அதில் இல்லை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதற்குத் தண்டனை உண்டு. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் என்றால் தண்டனை இன்னும் கூடுதல், ஒரு வருஷம் வரை சிறை. நீங்கள் 1098-க்குப் போன் போட்டு, பிள்ளை என்ன வார்த்தையில் சொன்னதோ அதை அப்படியே சொல்லுங்கள். நிஜமா பொய்யா என்று நீங்கள் விசாரிக்க வேண்டாம். அந்த மாமாவிடமோ வீட்டாரிடமோ போய்க் கேட்கவும் வேண்டாம். திரும்பத் திரும்பப் பிள்ளையைச் சொல்ல வைக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது சாமி, உன் மேல எந்தத் தப்பும் இல்ல" என்று மட்டும் சொல்லுங்கள். பேர் வெளியே போகக்கூடாது, பக்கத்து வீட்டில்கூட.

அந்த டீச்சர் இதைப் படிப்பார் என்றால் அவரிடம் ஒரே வேண்டுகோள்: அடுத்த பயிற்சியில் இந்த அக்காவுக்கு உங்கள் பக்கத்தில் நாற்காலி போடுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் முழுநேர ஆலோசகரை நியமித்துவிட்டோம். அப்புறமும் ஆசிரியர்களை இரண்டு நாள் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தால் பாடம் எப்போது முடிப்பது? பெற்றோர் கேட்பது மார்க்தான்.
- தாளாளர், மெட்ரிக் பள்ளி, சேலம் மாவட்டம்

பதில்: ஐயா, ஆலோசகரை நியமித்ததற்கு என் பாராட்டு. ஆனால் அவரிடம் எந்தப் பிள்ளை போகும்? அந்த அறைக்குள் நுழைந்தாலே 'லூசு' என்று பேர் வைத்துவிடுவார்களே என்று பயப்படும் வயசு இது. ஆசிரியர் கவனித்து, பேசி, பக்குவமாகக் கொண்டுபோய் விட்டால்தான் பெரும்பாலான பிள்ளைகள் போவார்கள். பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது. நாற்பது பேர் உட்காரும் ஒரு வகுப்பில் அது மூன்று பிள்ளைகள். அந்த மூன்று பேர் யார் என்று ஆலோசகர் அறைக்குள் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்க முடியாது. அந்த வகுப்புக்குத் தினமும் போகிறவர்களுக்குத்தான் தெரியும்.

மார்க் விஷயத்தையும் பேசியாக வேண்டும். நன்றாகப் படிப்பவர்கள் 'ஏ' செக்‌ஷன், மற்றவர்கள் 'டி' செக்‌ஷன் என்று பிரிப்பது, ரேங்க் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது, அசெம்பிளியில் எழுப்பி நிற்க வைப்பது உங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் நிறுத்துங்கள். மார்க்கை வைத்துப் பிரிப்பதையும், பொதுவில் அவமானப்படுத்துவதையும், சக்திக்கு மீறிய இலக்கு வைப்பதையும் கல்வி நிறுவனங்கள் தவிர்க்க வேண்டும் என்று முதல் பதிலில் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தன் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்துத் தடை செய்துவிட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் மட்டும் நாட்டில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். காரணங்கள் பல, தேர்வு மட்டும் இல்லை. ஆனால் பள்ளியின் கையில் இருக்கும் காரணத்தையாவது பள்ளி குறைக்கலாம் இல்லையா?

நேரம் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதனால் முழுநாள் வேண்டாம், ஜூனில் ஒரு அரைநாள், பொங்கல் லீவுக்கு முன் ஒரு அரைநாள் போதும். இரண்டாவது முறை அதே பாடத்தைத் திருப்பி நடத்தாமல், இடையில் பள்ளியில் நடந்த விஷயங்களை, பிள்ளைகளின் பேர் சொல்லாமல், எடுத்துப் பேசுங்கள். பொதுத்தேர்வு ரிசல்ட் வரும் வாரத்தில் யார் யாருக்குப் போன் போட வேண்டும் என்ற பட்டியலை அந்த இரண்டாவது அரைநாளில் தயார் செய்துவிடுங்கள்.

கேள்வி: நான் மாணவியர் விடுதிக் காப்பாளர். சாயங்கால ஸ்டடி நேரத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர். 'காத்து கருப்பு' என்கிறார்கள், சிலர் 'எல்லாம் நடிப்பு' என்கிறார்கள். மந்திரித்துவிட ஆள் கூப்பிடச் சொல்கிறார்கள் சமையல் அம்மாக்கள்.
- தேனி மாவட்டம்

பதில்: முதலில் மூன்று பேரையும் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தசோகை, சாப்பிடாமல் இருப்பது, வலிப்பு எதுவாகவும் இருக்கலாம். அதைப் பார்க்காமல் மனசு என்று முடிவு கட்டக்கூடாது.

உடம்பில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னாலும் அது நடிப்பு ஆகிவிடாது. வாய்விட்டுச் சொல்ல முடியாத வேதனை உடம்பு வழியாக வெளிப்படுவது நாங்கள் மனநலப் பிரிவில் அடிக்கடி பார்க்கும் விஷயம். அந்தப் பெண் வேண்டுமென்று செய்வதில்லை. ஒருத்திக்கு வந்தால், அதே பயத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் பரவுவதுண்டு. எனவே விழுந்ததும் கூட்டம் கூடக்கூடாது. ஒரே ஒருவர் பக்கத்தில் இருந்து, காற்றோட்டமாகப் படுக்க வைத்து, "சரியாயிடும், நான் இங்கதான் இருக்கேன்" என்று சொன்னால் போதும். மற்ற பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பி வழக்கமான வேலையைத் தொடரச் செய்யுங்கள். முகத்தில் அடிப்பது, வெங்காயம் முகரவைப்பது, சாவியைக் கையில் திணிப்பது வேண்டாம். குடும்பம் கோயிலுக்குக் கூட்டிப் போய்த் திருநீறு பூச விரும்பினால் நான் தடுக்க மாட்டேன், அது அவர்கள் நம்பிக்கை. மந்திரவாதி வந்து அடிப்பதையும் புகை போடுவதையும் மட்டும் விடுதிக்குள் அனுமதிக்காதீர்கள்.

அப்புறம், முதலில் விழுந்த பெண்ணோடு நிதானமாக உட்கார்ந்து பேசுங்கள். இந்தச் சாயங்கால நேரத்தில் அவளுக்கு எது பயம் தருகிறது? விடுதியில் யாராவது மிரட்டுகிறார்களா? வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறதா? இந்த மூன்றாவது கேள்வியைத் தேர்வுக்கு முந்தைய மாதங்களில் கட்டாயம் கேட்க வேண்டியிருக்கிறது. சமையல் அம்மாக்களையும் பயிற்சியில் உட்கார வையுங்கள். யார் சாப்பிடாமல் தட்டைக் கழுவி வைக்கிறாள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: எங்கள் பள்ளி பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் விடுமுறையில் தற்கொலை செய்துகொண்டான். பள்ளி திறந்த அன்று என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எதுவுமே பேசாமல் பாடம் நடத்தினோம். இன்னும் நேரம் கடந்துவிடவில்லை என்றால் சொல்லுங்கள்.
- உடற்கல்வி ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: நேரம் கடக்கவில்லை, சார். உங்கள் துக்கமும் இந்தக் கடிதத்தில் தெரிகிறது. கிரவுண்டில் தினமும் பார்த்த பிள்ளை.

இனிமேல் பேசலாம், பேச வேண்டும். அசெம்பிளியில் மைக்கில் வேண்டாம். ஒவ்வொரு வகுப்பிலும் வகுப்பாசிரியர் சொல்லட்டும். எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும், அதனால் முதலில் ஆசிரியர்கள் கூடி நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள். அவனை இழந்துவிட்டோம், எல்லோருக்கும் வருத்தமாக இருக்கிறது, யாருக்கு அழுகை வந்தாலும் கோபம் வந்தாலும் அது இயல்புதான், யாரிடம் வந்து பேசலாம் என்பது இது, இவ்வளவு போதும். எப்படி இறந்தான், எங்கே, என்ன எழுதிவைத்தான் என்பதைப் பேசவே கூடாது. 'மார்க் குறைந்ததால்', 'அந்தப் பெண்ணால்' என்று ஒரே காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள். அதே நிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளை, தனக்கும் இதுதான் வழி என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. 'கோழை' என்று திட்டுவதும் கூடாது, தியாகி மாதிரி பேனர் வைப்பதும் கூடாது. வாட்ஸ்அப்பில் படம் சுற்றுகிறது என்றால், அனுப்பாதீர்கள் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரைத் தனியாகக் கவனிக்க வேண்டும்? அவன் பெஞ்சில் உட்கார்ந்தவன், கடைசியாக அவனோடு சண்டை போட்டவன், அதே பள்ளியில் படிக்கும் தம்பி தங்கை, ஏற்கெனவே மனசு சரியில்லாமல் இருக்கும் பிள்ளைகள், முன்பு வீட்டில் இப்படி ஒரு இழப்பைப் பார்த்தவர்கள். அவன் உட்கார்ந்த இடத்தை மறுநாளே காலி செய்து பெஞ்சை நகர்த்திவிடாதீர்கள், வகுப்பைக் கேட்டுச் செய்யுங்கள். அவன் பிறந்தநாள், அடுத்த ரிசல்ட் நாள், முதலாண்டு நினைவு நாள் ஆகியவற்றைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அந்த நாட்களில் பிள்ளைகள் மறுபடி தடுமாறுவார்கள்.

உங்களை மாதிரி பி.டி. சாருக்கு ஒரு வசதி உண்டு. பையன்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனசைச் சொல்ல மாட்டார்கள். கிரவுண்டைச் சுற்றி நடந்தபடி, பந்தைத் தட்டியபடி என்றால் சொல்வார்கள். அவனோடு விளையாடிய பையன்களோடு ஒருநாள் அப்படி நடங்கள்.

சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சிநேகா அமைப்பின் 044-24640050 எண்ணுக்கு நீங்களும் பேசலாம். மாணவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: எல்லோரும் பிள்ளைகளின் மனசைப் பற்றியே பேசுகிறீர்கள். எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, இலவசப் பொருள் கணக்கு, தேர்தல் வேலை, ரிசல்ட் குறைந்தால் விளக்கக் கடிதம். எங்கள் மனசை யார் பார்ப்பது?
- பட்டதாரி ஆசிரியை, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: நியாயமான கேள்வி. களைத்துப்போன ஆசிரியரிடம் இன்னொரு பொறுப்பைச் சுமத்தி, அதற்கும் ஒரு ஆன்லைன் படிவத்தைக் கொடுத்தால் பயிற்சி உருப்படாது. பயிற்சி நடத்தும் அதிகாரிகளிடம் நான் கேட்பது இதைத்தான்: அந்த நாளில் வேறு எந்தப் பதிவும் கேட்காதீர்கள், பயிற்சி முடிந்ததும் அறிக்கை கேட்டு விரட்டாதீர்கள்.

உங்களுக்குச் சொல்வது: பிள்ளை சொன்னதை மனசில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். பேர் சொல்லாமல் பொறுப்பாசிரியரிடமோ ஆலோசகரிடமோ அன்றைக்கே பத்து நிமிஷம் பேசுங்கள். ஒரு பிள்ளைக்கு நீங்கள் ஒருத்தியே எல்லாம் என்ற நிலை வரக்கூடாது. நள்ளிரவில் மெசேஜ் அனுப்பும் மாணவிக்கு, "ராத்திரி அவசரம்னா 14416, காலையில 9 மணிக்கு நான் இருப்பேன்" என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். அது கைவிடுவது ஆகாது. உங்களுக்கே தூக்கமில்லாமல், எரிச்சலாக, பள்ளி வாசலைப் பார்த்தாலே படபடப்பாக இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நீங்களும் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். வகுப்பாசிரியரிடம் சொல்லலாமா? டி.சி.யில் எழுதிவிடுவார்களோ, மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமோ என்று தயக்கம்.
- ஒரு தாய், சென்னை

பதில்: சொல்வது நல்லது அம்மா, ஆனால் ஒன்றிரண்டு பேருக்கு மட்டும். வகுப்பாசிரியருக்கும், இருந்தால் பள்ளி ஆலோசகருக்கும் போதும். சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உங்கள் மகனுக்குத் தரும் உரிமை. அதனால் நீங்கள் கேட்காமல் மருத்துவர் பள்ளிக்கு எதையும் அனுப்ப மாட்டார். டி.சி.யில் நோயைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் எந்தப் பள்ளிக்கும் கிடையாது.

நோயின் பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்குத் தெரிய வேண்டியது என்ன என்று மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதுங்கள்: காலையில் மாத்திரையால் கொஞ்சம் தூக்கக் கலக்கம் இருக்கும், அடிக்கடி தண்ணீர் குடிக்க வெளியே போகக் கேட்பான், சத்தமாகத் திட்டினால் உறைந்துபோவான், அப்போது ஐந்து நிமிஷம் வராந்தாவில் நிற்க விட்டால் தானே திரும்பி வருவான். உங்கள் மகனுக்கு எது பொருந்துமோ அதை மட்டும். மகன் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகு, பெற்றோர் கூட்டத்து நெரிசலில் வேண்டாம், வேறொரு நாள் நேரம் கேட்டுக்கொண்டு போய் வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள். வருஷம் மாறி ஆசிரியர் மாறினால், புது ஆசிரியரிடமும் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள்.